எண்ணுவாய்: நகராமல் கொல்லும் ஒரு செடியை உங்கள் ஆட்டத்துக்கு உருவாக்கும் முழு வழிகாட்டி

நான் முதன்முதலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம்) ஒரு கொலைகாரச் செடியை எழுதியபோது அதற்கு எட்டுக் கொடி, நடுவில் பல் வரிசை, போகிறவர் வருகிறவரை எல்லாம் பிடித்து இழுக்கும் குணம் என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். இரண்டாவது ரவுண்டில் (எல்லோருக்கும் ஒரு முறை வந்து போனால் ஒரு ரவுண்டு) விஸார்ட், அதாவது மந்திரவாதி, ஒரு ஃபயர்பால் தீப்பந்து போட்டார், செடி கரியாகிப் போனது. அடுத்த வாரம் யாருக்கும் அதன் பெயர்கூட நினைவில் இல்லை. அதன் இடத்தில் ஒரு கரடியை வைத்திருந்தாலும் சண்டை அதே மாதிரிதான் நடந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

செடி துரத்தாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆட்கள் தங்கள் காலாலேயே நடந்து அதன் வாய்க்குள் போக வேண்டும், போனபின் அவர்கள் செய்யும் ஒவ்வொரு அசைவும் செடிக்கு உதவ வேண்டும். கீழே நான் கட்டிக் காட்டப்போகும் செடிக்கு எண்ணுவாய் என்று பெயர். ஐந்தாம் லெவல் ஆட்கள் நான்கு பேருக்கு, 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி எழுதியிருக்கிறேன். வேறு விதிமுறையில் ஆடுபவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: உண்மையான செடியிலிருந்து தொடங்குங்கள்

1874-இல் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகை, மடகாஸ்கரில் மனிதரைத் தின்னும் மரம் இருப்பதாக ஒரு செய்தி போட்டது. பாம்பு மாதிரி நெளியும் கைகள் ஆளைச் சுற்றி நசுக்குவதாக அதில் வர்ணனை. முழுக்கக் கட்டுக்கதை. ஆனாலும் நாம் எழுதும் செடி மான்ஸ்டர்களில் பாதி இன்னும் அந்த மரத்தின் பேரப்பிள்ளைகள்தான். நிஜத்தில் இருக்கும் பூச்சியுண்ணும் செடிகள் அதைவிடப் பயங்கரமானவை, ஏனென்றால் அவை பொறுமையானவை.

முதலில் இவை ஏன் பூச்சி தின்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரஜன் கிடைக்காத, சத்தில்லாத, பெரும்பாலும் சொதசொதவென்று ஈரமான மண்ணில் இவை வளர்கின்றன. மண் கொடுக்காததை உடலிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் குனிந்து பார்த்தால் ட்ரோசிரா கிடைக்கும், விரல் நகத்தைவிடச் சின்ன இலை, அதன்மேல் சிவந்த மயிர்க்கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி மாதிரி ஒரு பசைத்துளி. பக்கத்திலேயே ஒரு கொசு இறக்கை விரித்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். அழகாக இருப்பதுதான் பொறி.

எண்ணுவாய்க்கு அடிப்படை வீனஸ் ஃப்ளைட்ராப். இயற்கையில் இது அமெரிக்காவின் வட, தென் கரோலினா கடலோரத்தில் மட்டும் வளரும். இலையின் ஒவ்வொரு பாதியிலும் வழக்கமாக மூன்று உணர்மயிர்கள் இருக்கும். ஒரு மயிரை ஒரு தடவை தொட்டால் ஒன்றும் ஆகாது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாவது தடவை தொட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூடிக்கொள்ளும். அதோடு முடியவில்லை. உள்ளே சிக்கியது துள்ளத் துள்ளச் செடி எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஐந்து தொடுதல் வாக்கில்தான் செரிமான நீரைச் சுரக்கும் வேலையைத் தீவிரமாகத் தொடங்கும் என்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் ஒரு நாள் வாக்கில் மறுபடி திறந்துகொள்கிறது.

மூளையே இல்லாத ஒன்று எண்ணுகிறது. இதைப் படித்த அன்று ராத்திரியே இந்தச் செடியை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படி 2: தூண்டில் நிஜமாகவே நல்லதாக இருக்கட்டும்

பொய்யான தூண்டிலை ஆட்டக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். நடுக்காட்டில் ஒரு புதையல் பெட்டி என்றால் பத்தடிக் கம்பால் குத்திப் பார்ப்பார்கள். அதனால் எண்ணுவாயின் தேன் உண்மையிலேயே காயத்தை ஆற்றும்: ஒரு மிடறுக்கு 1டி4 ஹெச்பி (நான்கு முகப் பகடை ஒன்றை உருட்டி வரும் அளவு உயிர்ப் புள்ளி), ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மிடறு வரை. விஷமோ மயக்கமோ எதுவும் கலக்கவில்லை. இலையின் விளிம்பு நெடுக அது கசிந்து நிற்கும். நிஜ ஃப்ளைட்ராப்பிலும் விளிம்பில்தான் தேன்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பகுதி. போர்னியோவில் நெப்பந்தஸ் ராஃப்லேசியானா என்ற குடுவைச் செடி இருக்கிறது. அதன் வாய் விளிம்பு ஈரமாக இருந்தால்தான் வழுக்கும், காய்ந்திருக்கும் நேரத்தில் வரும் எறும்பு தேனைக் குடித்துவிட்டுப் பத்திரமாகப் புற்றுக்குத் திரும்பிப் போகும். போய்க் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அதற்குள் விளிம்பு ஈரமாகியிருந்தால் மொத்தக் கூட்டமும் உள்ளே. அதாவது சில நேரம் வேலை செய்யாத பொறி, எப்போதும் வேலை செய்யும் பொறியைவிட அதிகம் பிடிக்கிறது.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் எண்ணுவாய் மூடவே மூடாது. முதல் செஷனில் உங்கள் ஆட்கள் அந்தப் புல்வெளிக்கு வரட்டும், தேனைக் குடிக்கட்டும், சோதித்துப் பார்க்கட்டும், பகடை உருட்டட்டும், ஒன்றும் ஆகாமல் போகட்டும். குப்பியில் நிரப்பிக்கொண்டு போனாலும் தடுக்காதீர்கள், மறுநாள் அது வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஆகிவிடும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று செஷன் கழித்து, அடிபட்டு, மந்திரம் எல்லாம் தீர்ந்து, மழையில் நனைந்துகொண்டு அவர்களே கேட்பார்கள்: "அந்தத் தேன் இடம் எவ்வளவு தூரம்?" நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வரைபடத்தை எடுத்து வையுங்கள்.

படி 3: எண்ணும் விதி

செடியின் இதயம் இதுதான், எனவே நிதானமாகப் போகலாம்.

மண்ணுக்கடியில் ஒரு கிழங்கு. அதிலிருந்து மூன்று வாய். ஒவ்வொரு வாயும் பத்தடிக்குப் பத்தடி அளவில், புல்லுக்குள் தரையோடு தரையாக விரிந்து கிடக்கும் இலை. உள்பக்கம் சிவப்பு, அதில் உணர்மயிர்கள், பார்வைக்குக் காய்ந்த புல் மாதிரி இருக்கும்.

ஒருவர் தன் முறையில் இலைமேல் நகர்ந்தால் ஒரு தொடுதல். அவர் இரண்டடி வைத்தாலும் பத்தடி நடந்தாலும் ஒன்றுதான், இல்லையென்றால் நீங்கள் கணக்கிலேயே மாட்டிக்கொள்வீர்கள். தேனை வழித்தெடுத்தால் ஒன்று. இலைமேல் விழுந்தால் ஒன்று. ஆயுதத்தால் அடித்தால், அம்பு தைத்தால், கல் விழுந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. விரிந்து கிடக்கும் வாய் ஒரு தொடுதலை மூன்று ரவுண்டு நினைவில் வைத்திருக்கும். ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்டு 6 நொடி, ஆக மூன்று ரவுண்டு 18 நொடி, நிஜச் செடியின் 20 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்று ரவுண்டுக்குள் அதே வாய்க்கு இரண்டாவது தொடுதல் விழுந்தால் அது மூடும். அப்போது இலைமேல் இருக்கும் எல்லோரும் டிசி 15 டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ (சுறுசுறுப்பால் தப்பிக்கும் பகடை, டிசி என்பது எட்ட வேண்டிய எண்) போட வேண்டும். முன்னால் போனவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் நம்பி வந்தவர்தான் மூட வைப்பார் என்பதைக் கவனியுங்கள். தப்பித்தவர் விளிம்புக்கு வெளியே குதித்துவிடுகிறார். சிக்கியவருக்கு 3டி8 நசுங்கல் காயம், ரெஸ்ட்ரெயின்ட் நிலை (கட்டுண்டு நகர முடியாது), வெளியே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

மூடிய வாய் எதையும் மறப்பதில்லை, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். உள்ளே இருப்பவர் டிசி 15 ஸ்ட்ரெங்த் செக் (பலத்துக்கான பகடை) போட்டு வெளியேற முயன்றால் ஒரு தொடுதல். உள்ளிருந்து குத்தினால் ஒவ்வொரு குத்தும் ஒரு தொடுதல். நண்பரைக் காப்பாற்ற வெளியிலிருந்து கோடாலியால் வெட்டுகிறவரின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தொடுதல். மொத்தம் ஐந்து ஆனதும் செரிமான நீர் ஊறத் தொடங்கும்: செடியின் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் உள்ளே இருப்பவருக்கு 4டி6 அமிலக் காயம், சேவிங் த்ரோ கிடையாது.

எதிர்ப்பக்க விதி: தொடர்ந்து மூன்று ரவுண்டு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரு தொடுதலும் இல்லையென்றால் வாய் தானாகத் திறக்கும், எண்ணிக்கையும் அழிந்துவிடும்.

இந்த ஆட்டத்தில் மூன்று ரவுண்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களுக்குக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்புதான் இந்தச் செடியின் விஷம்.

படி 4: எண்களை நிரப்புங்கள்

2014 டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கையேட்டின் அட்டவணைப்படி சிஆர் 5 (சிஆர் என்பது கடின அளவு) மான்ஸ்டருக்கு ஏசி 15 (அடி பட எட்ட வேண்டிய எண்), ஹெச்பி 131 முதல் 145 வரை, ஒரு ரவுண்டுக்குக் காயம் 33 முதல் 38 வரை, சேவிங் த்ரோ டிசி 15. நாம் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறோம்.

எண்ணுவாய், சிஆர் 5 (1,800 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி)
வாய்கள் மூன்று: ஒவ்வொன்றுக்கும் ஏசி 13, ஹெச்பி 30
கிழங்கு: ஏசி 16, ஹெச்பி 50, ஐந்தடி ஆழத்தில்
வேகம் 0, இன்டெலிஜென்ஸ் 1, கண் இல்லை, 60 அடிக்கு அதிர்வுணர்வு
வாய்களுக்குத் தீக்காயம் பாதி, கிழங்குக்குத் தீக்காயமே இல்லை
குருடாக்க, செவிடாக்க, களைப்படையச் செய்ய முடியாது

ஏன் பிரிக்க வேண்டும்? தனியாக நிற்கும் ஒரு மான்ஸ்டருக்கு ஒரு ரவுண்டில் ஒரு முறை, எதிரே நான்கு பேருக்கு நான்கு முறை. இந்தக் கணக்கில்தான் தனி மான்ஸ்டர்கள் எல்லாம் தோற்கின்றன. வாய்கள் ஆட்டக்காரர்களின் முறையிலேயே மூடுவதால் செடிக்குத் தனி முறை என்று பெரிதாகத் தேவைப்படுவதில்லை, அவர்கள் அசைவதே அதன் தாக்குதல். காயக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். முதல் ரவுண்டில் இரண்டு வாய் மூடினால் சராசரி 26 அல்லது 27, அடுத்த ரவுண்டில் இரண்டு அமிலமும் மூன்றாவது வாயும் சேர்ந்து 41 பக்கம், அதற்கடுத்து மூன்று பேருக்கும் அமிலம் என்றால் 42. சராசரி 36-ஐத் தாண்டி நிற்கிறது, அட்டவணைக்குள் அடங்குகிறது.

ஐந்தாம் லெவல் நான்கு பேருக்கு மீடியம் சண்டையின் அளவு 2,000 எக்ஸ்பி, எனவே 1,800 என்பது காகிதத்தில் சுலபம் மாதிரி தெரியும். நம்பாதீர்கள். அடிபட்டு வந்திருக்கும் விஸார்ட் ஒருவரை ஒரு கடியும் இரண்டு அமிலமும் சாய்த்துவிடும். மூன்றாம் லெவல் ஆட்களுக்கு இதை அப்படியே வைக்கவே கூடாது, நான்கு பேருக்கான டெட்லி (உயிருக்கு ஆபத்தான சண்டை) எல்லையே 1,600-தான். வாயை இரண்டாக்கி, டிசி 13, கடிக்கு 2டி8, அமிலத்துக்கு 2டி6 என்று இறக்குங்கள். ஏழாம் லெவலுக்கு மேல் என்றால் வாட வைக்கும் பிளைட் மந்திரத்தை நினைவில் வையுங்கள்: செடி வகை உயிரின் மேல் அது முழுக் காயமும் கொடுக்கும், 64. ஆனால் இலக்கு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும், கிழங்கு தெரியாது. தோண்டிய பிறகுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே சிஆர் 5-இல் ஷாம்ப்ளிங் மவுண்ட் என்ற நடமாடும் செடி மான்ஸ்டர் இருக்கிறது, ஹெச்பி 136, இரண்டு அடியும் பட்டால் ஆளை உள்ளே விழுங்கும், மின்னல் பட்டால் ஆறிக்கொள்ளும். அதன் விவரங்கள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பில் உள்ளன, உங்கள் செடியைப் பிற்பாடு வெளியிடும் எண்ணம் இருந்தால் அங்கிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: தீயை யோசித்து வையுங்கள்

செடி என்றதும் எல்லோரும் நெருப்பைத்தான் எடுப்பார்கள். அதைத் தடுக்காதீர்கள், அதற்கு ஒரு விளைவு வையுங்கள். நிஜ ஃப்ளைட்ராப் வளரும் பைன் காட்டுப் புல்வெளிகளில் அவ்வப்போது தீ பரவ வேண்டும். இல்லாவிட்டால் புதர்கள் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்துச் செடியைக் கொன்றுவிடும். மேலே எரிந்தாலும் அடியில் இருப்பது பிழைத்து மறுபடி துளிர்க்கிறது.

ஆகவே உங்கள் கிராமத்து மக்கள் இந்தப் புல்வெளியை வருஷா வருஷம் கொளுத்துகிறார்கள், செடியை ஒழிக்கத்தான். வருஷா வருஷம் அது இன்னும் நன்றாக வளர்கிறது. இது அவர்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு பெரியவரோடு பேசினால், தன் சின்ன வயதில் இரண்டே வாய்தான் இருந்தது என்பார்.

படி 6: துப்பு கொடுங்கள், தாராளமாக

சாகடிக்கும் மான்ஸ்டரை வைக்கும்போது அதைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பையும் நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும். துப்பே இல்லாமல் செத்தால் ஆட்டக்காரருக்கு உங்கள்மேல்தான் கோபம் வரும், அது நியாயமும்கூட. நான் வைக்கும் துப்புகளில் மூன்றைச் சொல்கிறேன்.

கிராமத்துக் குழந்தைகள் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். தரையில் கட்டம் போட்டு, ஒரு அடி வைத்து, அசையாமல் நின்று இருபது வரை எண்ணி, அப்புறம் அடுத்த அடி. முந்தினவர் அவுட். ஏன் அப்படி என்று கேட்டால் பாட்டி சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள், அவ்வளவுதான் தெரியும்.

புல்வெளி ஓரத்தில் கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) சில வாழ்கின்றன, செடி அவற்றைத் தொடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் ரோரிடுலா என்ற பசைச் செடியில் இப்படி ஒரு பூச்சி வாழ்கிறது. ஒட்டிக்கொண்ட இரையை அது தின்கிறது, அதன் எச்சத்திலிருந்து செடி சத்தை எடுத்துக்கொள்கிறது. நம் கோப்ளின்கள் செத்தவர்களின் பையையும் வாளையும் எடுத்துக்கொள்ளும், மற்றதைச் செடிக்கு விடும். தூரத்தில் இருந்து பார்த்தால் அவை ஒவ்வொன்றாக, ஒரு அடி வைத்து வெகுநேரம் நின்று, மறுபடி ஒரு அடி வைத்துப் புல்லைக் கடப்பது தெரியும்.

மூன்றாவது, பூ. நிஜச் செடியில் பூ நீண்ட தண்டின் உச்சியில், பொறிக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் பொறியில் சிக்குவது அபூர்வம். எண்ணுவாய்க்கும் ஆள் உயரத்தில் வெள்ளைப் பூ, சுற்றி ஏகப்பட்ட தேனீ. தரையில் ஒரு சிள்வண்டுகூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேசையில் நான் வாசிக்கும் வர்ணனை இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. புல் முழங்கால் உயரம், சாய்ந்து கிடக்கிறது. தலைக்கு மேலே வெள்ளைப் பூக்களில் தேனீக்களின் இரைச்சல். காலடியில் பழுத்த பலாச்சுளை மாதிரி ஒரு வாசனை. போன தடவை வந்தபோது புல் இவ்வளவு சிவப்பாக இருந்ததா என்று உங்களுக்கு ஞாபகம் இல்லை."

படி 7: மேசையில் நடத்துவது

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்து வையுங்கள். தொடுதல் விழும்போது ஒரு கொட்டையை மேசை நடுவில் வையுங்கள், "ஒன்று" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள். வாய் திறந்திருக்கும்போது மூன்று ரவுண்டு ஓடிவிட்டால் சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். எந்த வாய்க்கு எத்தனை என்பதை உங்கள் திரைக்குப் பின்னால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், குழம்பினால் மொத்தமும் போய்விடும்.

எங்கள் மேசையில் இது எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஃபைட்டர் (போர்வீரர்) ஆடும் தோழி உள்ளே சிக்கினாள், நான்கு கொட்டை மேசையில் இருந்தது. பார்பேரியன் கோடாலியை ஓங்கி, பகடையைக் கையில் எடுத்துவிட்டார். அவள் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், திடீரென்று கையை நீட்டி அவர் பகடையை மூடினாள். "அந்தப் பசங்க விளையாட்டு. இருபது. யாரும் ஒன்றும் செய்யாதீர்கள்." அதற்கப்புறம் மூன்று ரவுண்டு நான்கு பேரும் ஒவ்வொருவராக "நான் அசையவில்லை" என்று சொன்னார்கள். பன்னிரண்டு தடவை. கடைசி "அசையவில்லை" வந்ததும் நான் கொட்டைகளை வாரி எடுத்தேன், இலை பிரிந்தது. பகடையே உருளாத அந்த மூன்று ரவுண்டுதான் நான் நடத்தியதில் ஆகச் சிறந்த சண்டை.

எல்லா மேசையிலும் இப்படி நடக்காது. விதியைக் கண்டுபிடித்துவிட்டால் சிலர் கல்லெறிந்து வாய்களை வெறுமனே மூட வைப்பார்கள். விட்டுவிடுங்கள், அது அவர்கள் சம்பாதித்த வெற்றி. இங்கே மட்டும் மூன்று ரவுண்டில் திறக்கும் விதிக்கு விலக்கு: வெறுமனே மூடிய வாய் அந்தச் சண்டை முடியும்வரை திறக்காது என்று வையுங்கள். சிலர் கண்டுபிடிக்காமலே வெட்டிக் கொண்டுபோவார்கள், ஒருவர் சாகவும் சாகலாம். அப்போது மனம் இளகி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கொட்டை மேசையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அந்த நேர்மைதான் இந்தச் செடியைப் பயமாக்குகிறது.

படி 8: அப்புறம் என்ன

கிழங்கைத் தோண்டினால் கோப்ளின்கள் விட்டுவைத்த மோதிரங்கள், பொத்தான்கள், ஒரு குப்பி அமிலம், வேருக்குள் சிக்கிய யாரோ ஒருவரின் வாள் கிடைக்கும். மந்திர வாள் வைக்க நல்ல இடம். ஆனால் தேனும் அதோடு போகும். வெயில் நாளில் அந்தத் தேனை எடுத்துக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கொடுத்த கிராமத்தவர்கள் உண்டு என்று முன்பே காட்டியிருந்தால், தோண்டலாமா வேண்டாமா என்று ஆட்டக்காரர்களே ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். நீங்கள் காபி குடிக்கலாம்.

தோண்டாமல் கொளுத்திவிட்டு மட்டும் போனால் தேதியைக் குறித்து வையுங்கள். ஆட்டத்துக்குள் ஆறு மாதம் கழித்து அவர்கள் அந்த வழியாக வரும் நாளில், மழை பெய்யட்டும், குழந்தைகள் இப்போது இருபதுக்குப் பதிலாக முப்பது வரை எண்ணிக்கொண்டிருக்கட்டும், புல்லுக்குள் ஐந்து வாய் வையுங்கள்.